அச்சத்தில் இட்ட கையெழுத்தும் சினத்தில் மறுத்த கையெழுத்தும்

கீழைக்காற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தின் ஒரு மீனவ ஊரில் பிறந்தவள் நான். இப்போது சென்னையில் பணியாற்றுகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று காலை வந்த சுனாமியில் எங்கள் வீட்டிலிருந்து பாட்டியையும் என் தம்பியையும் கடல் கொண்டுபோயிற்று. எனக்கு அப்போது 11 வயது. அந்தக் காலையைப் பற்றி எழுத நான் இங்கு வரவில்லை. அதற்குப் பிந்திய மாதங்களில் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் ஒரே கேள்விக்கு இரண்டு விதமாக விடை சொன்னார்கள். அதைப் பற்றித்தான் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

2005 மார்ச் 30 அன்று தமிழ்நாடு அரசின் வருவாய்த் துறை 172 என்ற எண்ணிட்ட ஆணையை வெளியிட்டது. கடல்நீர் ஏறிவரும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமடைந்தவர்களுக்கு அது இரண்டு வழிகளைக் காட்டியது. பழைய மனையை அரசிடம் ஒப்படைத்துவிட்டு, கடலை விட்டுத் தள்ளிக் கட்டித் தரப்படும் புதிய வீட்டுக்குப் போகலாம். போக விரும்பாதவர்கள் இருந்த இடத்திலேயே சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொண்டு வாழலாம். ஆனால் அரசின் வீட்டுதவி அவர்களுக்குக் கிடையாது. தாத்தாவின் மனையை இரண்டாகப் பிரித்து, நடுச்சுவரைப் பொதுவாக வைத்து வீடு கட்டியிருந்தவர்கள் என் அப்பாவும் சித்தப்பாவும். அப்பா முதல் வழிக்குக் கையெழுத்திட்டார். சித்தப்பா, படிவம் கொண்டுவந்தவர்களிடம் ஒரு கையெழுத்தும் போட முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா அஞ்சினார், சித்தப்பா சினந்தார் என்றுதான் ஊரில் இன்றுவரை இந்தக் கதையைச் சொல்கிறார்கள், வீட்டிலும் அப்படித்தான்.

இப்போது இதை ஏன் கேட்கிறேன் என்றால், கரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சுனாமி குடியிருப்பில் எங்கள் வீட்டின் கூரைப்பூச்சு கம்பி தெரிய உதிர்ந்துகொண்டிருக்கிறது. சித்தப்பா தம் மனையில் பாதியை எழுதித் தருவதாகவும், அப்பா திரும்பக் கரைக்கே வந்துவிட வேண்டும் என்றும் சொல்கிறார். அப்பா ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய அதே அச்சமா இது? அச்சத்தில் எடுத்த முடிவு, சினத்தில் எடுத்த முடிவு ஆகிய இரண்டில் எதை நாம் பிற்காலத்தில் குறைவாக நம்ப வேண்டும்?

பேரேடு எழுதியது:

அம்மா, உங்கள் ஊர்ப் பக்கத்தில் அல்ல என்றாலும், அதே மாவட்டத்தில் அந்த மாதங்களில் வருவாய்த் துறையில் பணியாற்றியவன் நான். படிவங்களை நீட்டிய கைகளில் என் கையும் ஒன்று. எனவே என் சொல்லில் சிறிது தற்காப்பு கலந்திருக்கக்கூடும். அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

மக்கள் எந்த மனநிலையில் முடிவெடுத்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இரண்டு நாட்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது 2004 டிசம்பர் 30. மீண்டும் ஒரு பேரலை வரக்கூடும் என்று மத்திய உள்துறை அமைச்சகத்திலிருந்து மாநிலங்களுக்கு எச்சரிக்கை வந்தது. அது வெளிநாட்டுத் தனியார் ஒருவரின் கணிப்பை நம்பி அனுப்பப்பட்டது என்றும், அதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றும் பின்னர்த் தெரிந்தது. அறிவியல் தொழில்நுட்ப அமைச்சராக இருந்த கபில் சிபலே அதை மறுத்துப் பேசினார். ஆனால் அதற்குள் கடற்கரை முழுவதும் காலியாகிவிட்டது. பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தவர்களும் நிவாரணப் பொருள்களை இறக்கிக்கொண்டிருந்தவர்களும் போட்டது போட்டபடி ஓடினார்கள். நானும் ஓடினேன். பொய்யான எச்சரிக்கை என்று தெரிந்த பின்னும் கால்களின் நடுக்கம் நிற்க வெகுநேரமாயிற்று.

இரண்டாவது 2005 மார்ச் 28. அன்றிரவு சுமத்ராவுக்கு அருகே நியாஸ் தீவுப் பகுதியில் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. நம் கடற்கரையில் மீண்டும் இருட்டில் ஓட்டம். அந்த முறை நிலநடுக்கம் உண்மையானது. அலைதான் இங்கு வரவில்லை. நீங்கள் குறிப்பிடும் ஆணை வெளியானது அதற்கு இரண்டு நாள் கழித்து. தேதிகள் தற்செயலாக அப்படி அமைந்தனவே தவிர யாரும் திட்டமிட்டதில்லை. ஆயினும், மூன்று மாதங்களில் இரண்டு முறை குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதரிடம், கரையில் இருக்கிறீர்களா, உள்ளே போகிறீர்களா என்று கேட்டால் அவர் எப்படிக் கணக்குப் போடுவார் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

காத்திருந்து கேட்டிருக்கலாமே என்று பலர் எங்களிடம் சொன்னதுண்டு. காத்திருப்பதற்கும் விலை உண்டு. தார் அட்டை வேய்ந்த தற்காலிகக் கொட்டகைகளில் ஏப்ரல், மே மாத வெயில் எப்படி இருந்தது என்பதை உள்ளே படுத்தவர்களிடம் கேளுங்கள். எவ்வளவு மனைகள் வேண்டும் என்று தெரியாமல் நிலம் எடுக்க முடியாது. நிலம் எடுக்காமல் வீடு கட்ட முடியாது. உணர்ச்சி தணியும்வரை படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எந்த நிர்வாகத்துக்கும் இயலாது. இது சாக்குப்போக்காகத் தோன்றினால் அப்படியே இருக்கட்டும்.

வலைக்கயிறு எழுதியது:

பேரேடு ஐயா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் சித்தப்பாவின் நிலையைச் சினம் என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டு மேலே போவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நானும் கரைக்காரன்; எங்கள் குடும்பமும் கையெழுத்திடவில்லை.

எங்களுக்குக் கரை என்பது வீட்டுக்கு முன்னால் இருக்கும் காட்சி அன்று. படகு ஏற்றுவதும், வலை உலர்த்துவதும், கிழிந்த வலையைப் பொத்துவதும், பெண்கள் கருவாடு காயவைப்பதும் அங்குதான். விடியலுக்கு முன் வாசலில் நின்று பார்த்தால் காற்று வாடையா, கொண்டலா, நீவாடு என்ற நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும். தெரிந்த பிறகுதான் அன்றைக்குத் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்பது முடிவாகும். ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே படுத்திருப்பவர் அதைப் பார்க்க நடந்து வர வேண்டும், இன்ஜினைத் தோளில் சுமந்துகொண்டு வர வேண்டும், அல்லது கரையில் விட்டுவிட்டுத் திருட்டுக்கு அஞ்ச வேண்டும்.

அதோடு, ஒப்படைக்கும் மனை எங்கே போகும் என்ற கேள்வி இருந்தது. கடலோரத்தில் கட்டடங்களைக் கட்டுப்படுத்த 1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையைப் பதினான்கு ஆண்டுகளாக எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் எடுத்துப் பேசியதில்லை. ஊரே பிணமெடுத்துக்கொண்டிருந்த வேளையில்தான் 200 மீட்டர், 500 மீட்டர் என்ற எண்கள் எங்கள் காதில் விழுந்தன. எங்களை நகர்த்திவிட்டு விடுதிகளுக்குக் கொடுப்பார்கள் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் பேசிக்கொண்டோம். அந்த ஐயம் எல்லா இடத்திலும் உண்மையாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை அன்று கேட்டவர்கள் சினந்தவர்கள்தாம். அஞ்சியவர்கள் படிவத்தைப் படிக்கவே இல்லை.

திண்ணைக்காரர் எழுதியது:

இரு தரப்பையும் படித்தேன். எனக்கு இதில் அச்சமும் தெரியவில்லை, சினமும் தெரியவில்லை, பணம்தான் தெரிகிறது. ஒரு பக்கம் ஏறத்தாழ 1.5 லட்சம் ரூபாய் மதிப்பில் கட்டித் தரப்படும் வீடு, மறுபக்கம் எதுவுமில்லை. கையில் சேமிப்பு இருந்தவர் கரையில் தங்கினார், இல்லாதவர் உள்ளே போனார். பின்னர் ஆளுக்கொரு உணர்ச்சியின் பெயரை அதற்கு ஒட்டிக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன்.

மனநூல் மாணவி எழுதியது:

நான் கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். பெயரில் மட்டும் இன்னும் மாணவி. இழையைத் தொடங்கியவரின் கேள்விக்குள் ஓர் அனுமானம் இருக்கிறது. அச்சமும் சினமும் அறிவை மங்கச் செய்யும் ஒரே வகைப் புகை என்றும், எது கூடுதலாக மங்கச் செய்கிறது என்று அளந்தால் போதும் என்றும் அது எண்ணுகிறது. நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஜெனிஃபர் லெர்னர், டாக்கர் கெல்ட்னர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வுதான் என் எண்ணத்தை மாற்றியது. இரண்டும் இனிமையற்ற உணர்ச்சிகளாக இருந்தும், ஆபத்தை மதிப்பிடுவதில் அவை எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். அஞ்சுகிறவர்கள் ஆபத்தைப் பெரிதாகக் கண்டு உறுதியான வழியைத் தேடினார்கள். சினந்தவர்கள் ஆபத்தைச் சிறிதாகக் கண்டார்கள். வியப்பு என்னவென்றால், இந்த ஒரு விஷயத்தில் சினந்தவர்கள் மகிழ்ச்சியாக இருப்பவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள்.

அவர்கள் கூறும் காரணத்தை என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். என்ன நடக்கும் என்று தெரியவில்லை, நடப்பது என் கையிலும் இல்லை என்ற மதிப்பீடு அச்சத்துக்குள் இருக்கிறது. யார் செய்தது என்று எனக்குத் தெரியும், என்னால் எதிர்த்து நிற்க முடியும் என்ற மதிப்பீடு சினத்துக்குள் இருக்கிறது. அந்த மதிப்பீடு உணர்ச்சியை எழுப்பிய விஷயத்தோடு நின்றுவிடாமல் அடுத்த விஷயத்துக்கும் தாவிவிடுகிறது. அரசைப் பற்றி உறுதியாக இருப்பவர், தம்மை அறியாமலேயே கடலைப் பற்றியும் உறுதியாக இருந்துவிடுகிறார். வலைக்கயிறு அண்ணா சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன்: சித்தப்பாவின் சினம் படிவத்தைப் பற்றிச் சரியான கேள்வியைக் கேட்டது. ஆனால் அடுத்த அலையைப் பற்றி அது ஒரு கேள்வியாவது கேட்டதா? அப்பாவின் அச்சம் அலையைப் பற்றிக் கேட்டது; மனை ஒப்படைப்பைப் பற்றிக் கேட்கவில்லை. முழுக் கேள்வியும் அந்த நடுச்சுவரின் இரு பக்கமும் பாதி பாதியாகக் கிடந்தது போல் எனக்குத் தோன்றுகிறது.

திண்ணைக்காரர் ஐயாவுக்கு: பணம் எல்லையை வகுத்தது உண்மை. ஆனால் ஒரே மனை, ஒரே தொழில், ஒரே இழப்பு உள்ள இரண்டு உடன்பிறந்தார் பிரிந்து நின்றதை அது விளக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் எழுப்பப்படும் சினம் சில நிமிடங்களில் ஆறிவிடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தம்பியைப் புதைத்த வீட்டில் மூன்று மாதம் இருந்த உணர்ச்சியை அதனோடு நேராக வைத்துப் பார்ப்பதில் எனக்கே தயக்கம் உண்டு.

திண்ணைக்காரர் எழுதியது:

நியாயம்தான். உடன்பிறந்தார் விஷயத்தை நான் கவனிக்கவில்லை. ஆனால் அச்சத்தை மட்டும் ஏன் மென்மையாக நடத்துகிறீர்கள்? அச்சத்தால் வரும் முடிவு பாதுகாப்பானதாகவே இருக்கும் என்ற எண்ணம் உங்கள் எழுத்தில் ஓடுகிறது.

மனநூல் மாணவி எழுதியது:

அப்படி ஓடியிருந்தால் திருத்திக்கொள்கிறேன். அச்சம் ஓர் ஆபத்திலிருந்து விலக்கி, கண்ணுக்குத் தெரியாத இன்னோர் ஆபத்தின் மடியில் கொண்டுபோய் விடக்கூடியது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கர்கள் பலர் விமானத்தைத் தவிர்த்து நெடுந்தொலைவுக்கும் காரில் போனார்கள். அதனால் அடுத்த ஓராண்டில் சாலை விபத்துகளில் கூடுதலாக 1,500-க்கும் மேற்பட்டோர் இறந்திருப்பார்கள் என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் கணக்கிட்டார். ஒரே நாளில் ஒரே இடத்தில் பலர் சாவதை மனம் அஞ்சுகிறது. நாள்தோறும் ஆங்காங்கே ஒருவர் இருவராகச் சாவது அதன் கண்ணில் படுவதே இல்லை.

உள்ளே கட்டிய குடியிருப்புகள் சில தாழ்வான வயல் நிலத்தில் அமைந்து, ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் தேங்கியதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பேரலைக்கு அஞ்சிப் போனவர்கள் மழைத் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

பேரேடு எழுதியது:

கேட்டவர்கள் மிகச் சிலரே. கேட்டவர்களுக்கும் எங்களிடம் ஒழுங்கான விடை இருக்கவில்லை. அந்த நிலங்களைப் பார்த்தபோது கோடைக்காலம். எந்த வயலும் கோடையில் மேடாகத்தான் தெரியும்.

வலைக்கயிறு எழுதியது:

மனநூல் மாணவி அம்மா எழுதியதில் எனக்கு ஒன்று ஒட்டவில்லை. இவருடைய அப்பா கடலுக்கு அஞ்சினார் என்கிறீர்கள். அவர் அதன் பிறகு தொழிலுக்குப் போகாமல் இருந்தாரா? எங்கள் ஊரில் ஒருவர்கூட அப்படி இல்லை. சில மாதம் படகு இல்லை, வலை இல்லை, மீன் வாங்கவும் ஆள் இல்லை, அதனால் போகவில்லை. ஃபைபர் படகு கைக்கு வந்தவுடன் எல்லோரும் போனோம். கடலுக்கு அஞ்சுகிறவன் இரவு முழுவதும் கடல்மேல் எப்படி இருப்பான்? நடுக்கடலில் அந்த அலை ஒன்றும் செய்யாது. அன்று காலை கடலில் இருந்தவர்கள் பிழைத்துத் திரும்பி வந்துதான் கரையில் இருந்தவர்களைத் தேடினார்கள். எனவே அச்சம் கடலைப் பற்றியது என்று சொல்வது வெளியில் இருந்து பார்ப்பவர்களின் பேச்சு.

கீழைக்காற்று எழுதியது:

அண்ணா சொன்னது சரி. அப்பா ஆகஸ்ட் மாதமே தொழிலுக்குப் போய்விட்டார். நான் இத்தனை ஆண்டுகள் அவரைக் கடலுக்கு அஞ்சியவர் என்று சொல்லிக்கொண்டு, அவர் கடலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். இரண்டையும் ஒருமுறைகூடச் சேர்த்து யோசித்ததில்லை.

இந்த இழையைப் படித்துவிட்டுச் சனி, ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். இருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். அப்பா சொன்னது சுருக்கமானது. "உங்கம்மா அந்த மூணு மாசமும் ஒரு ராத்திரி கண்ணை மூடல. நான் படகுல இருக்கும்போது நீங்க ரெண்டு பேரும் கரையில படுத்திருப்பீங்கன்னு நெனச்சா எனக்குத் தொழில் ஓடாது. அதான்." தாம் கடலில் இருக்கும்போது நாங்கள் கரையில் இருப்பதுதான் அவருக்கு அச்சம். அவரும் கரையில் இருக்கும் நாளில் அந்த அச்சம் அவருக்கு இல்லை.

சித்தப்பா வெகுநேரம் அரசைப் பற்றித்தான் பேசினார். படிவத்தைக் கொண்டுவந்தவர்கள் திண்ணையில் உட்காராமல் நின்றபடியே கையெழுத்துக் கேட்டார்கள் என்பதை மூன்று முறை சொன்னார். அதன் பிறகு, நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். பாட்டியின் உடல் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த தென்னைமரத்து அடியில்தான் கிடைத்தது. அந்த இடத்தை எழுதிக்கொடுத்துவிட்டுப் போக அண்ணனுக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, என்னைப் பார்த்தபடி அப்பாவைக் கேட்டார். இருபது ஆண்டுகளாக ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அவருடைய சினம் அரசின்மேல் கொண்டது என்றே நானும் நம்பியிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்த இரவில் சித்தப்பா வீட்டார் ஏழு பேரும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். அப்பாவும் சித்தப்பாவும் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க விடியும்வரை அதில் முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். அப்போதும் இந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

மனநூல் மாணவி எழுதியது:

நான் முன்பு எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. அப்பாவின் அச்சத்துக்கும் சித்தப்பாவின் சினத்துக்கும் ஊர் சொன்ன பொருளையே நானும் எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஆய்வை அடுக்கிவிட்டேன். ஓர் இடத்தில் எழுந்த உணர்ச்சி வேறோர் இடத்தின் முடிவுக்குள் புகுந்துகொள்வதை நாங்கள் வகுப்பில் பாடமாகவே சொல்லித் தருகிறோம்; பெரும்பாலும் அந்த மனிதருக்கே அது தெரிவதில்லை. அண்ணன்மேல் கொண்ட சினத்தை அண்ணனிடம் காட்ட அந்த மாதங்களில் இடமில்லை. இரண்டு சாவு நடந்த வீட்டில் யாரும் யாரையும் கடிந்து பேச முடியாது. அந்த வேளையில் வாசலில் நின்றபடி கையெழுத்துக் கேட்டவர்கள் வந்தார்கள்.

என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். இரண்டு சினங்களும் உண்மையாக, பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கலாம். ஆனால் இப்போது அவர் பாதி மனையைத் தர முன்வருவதை அந்தக் கண்ணோடு பார்த்தால் அது வெறும் நிலமாகத் தெரியவில்லை. அப்பா ஒரே சொல்லில் மறுத்ததும் அவருக்கு நிலத்தை மறுத்ததாகக் கேட்டிருக்காது.

திண்ணைக்காரர் எழுதியது:

அப்படியானால் இந்த முறை நிலம் தனியாகவும் மனத்தாங்கல் தனியாகவும் பேசப்பட வேண்டும். நிலத்தைப் பற்றி முடிவெடுக்க அவசரம் எதுவும் இல்லையே. உங்கள் முன் யாரும் படிவத்தோடு நிற்கவில்லை.

பேரேடு எழுதியது:

நிலத்தைப் பற்றி மட்டும் பேசுவதானால், 2005-இன் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்று எச்சரிக்கை என்ற ஒன்றே நம் பக்கம் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று நம் நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்ராவில் நிலம் நடுங்கியது. அலை இங்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் வீணாகக் கழிந்தது. 2007 அக்டோபர் முதல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை வந்தது, மக்கள் விலகினார்கள், பெரிய அலை எழாததால் மாலைக்குள் எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. எனவே கரையில் இரவு உறங்குவதன் ஆபத்து அன்றைய அளவில் இன்று இல்லை. அதே நேரத்தில் புயலும் கடலரிப்பும் குறைந்துவிடவில்லை. உங்கள் சித்தப்பா வாசலிலிருந்து அலை எத்தனை அடி தொலைவில் இருக்கிறது, பத்தாண்டுக்கு முன் எத்தனை அடியில் இருந்தது என்பதை அளந்து பாருங்கள். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பது பேதைமை என்று பெரியவர்கள் சொன்னது இந்த வகை அச்சத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு செய்தி. அந்தத் திட்டத்தில் வீடுகள் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்தே வழங்கப்பட்டன. உங்கள் வீட்டுப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். உங்கள் தாயார் பெயரும் அதில் இருக்க வேண்டும். இத்தனை பதிவுகளில் அப்பாவைப் பற்றிப் பேசினோம், சித்தப்பாவைப் பற்றிப் பேசினோம். அம்மா என்ன நினைத்தார் என்று நான் உட்பட ஒருவரும் கேட்கவில்லை. அன்றும் நாங்கள் கேட்டதாக நினைவில்லை. கைநாட்டு மட்டும் வாங்கிக்கொண்டோம்.

கீழைக்காற்று எழுதியது:

ஐயா, பட்டாவை எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் பெயர் இருக்கிறது. நேற்று இரவு தொலைபேசியில் அவரிடம் கேட்டேன். அப்பா கடலுக்கு அஞ்சிக் கையெழுத்திட்டார் என்றும், அதற்கு அம்மாவின் உறக்கமின்மை காரணம் என்றும் இங்கே பேசிக்கொண்டோம் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

அவர் சொன்னதை என் நடையில் எழுதுகிறேன். மார்ச் 28 இரவு கூச்சல் கேட்டவுடன் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினாராம். எனக்கு 11 வயது, நல்ல கனம். அப்பா முன்னால் மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். ஊர்க்குளத்தையும் பள்ளிக்கூடத்தையும் தாண்டி, வாய்க்கால் மதகுக்கு வந்தபோது இதற்கு மேல் ஓர் அடியும் வைக்க முடியாது என்று அங்கேயே என்னை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார். விடியும்வரை அந்த மதகின் மேல்தான் இருந்தோம். அது எனக்கும் நினைவிருக்கிறது. மதகின் கல் குளிர்ந்திருந்தது.

சில வாரங்கள் கழித்துப் புதிய மனைகளைக் காட்ட ஊராரை அழைத்துப் போனபோது அம்மாவும் போனார். எல்லோரும் வீடு எவ்வளவு பெரியது, அறை எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா திரும்பி நின்று மதகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார். மனை மதகுக்கு மேற்கே இருந்தது. அதாவது, கைப்பிள்ளையோடு தம்மால் ஓட முடிந்த தொலைவுக்கும் அப்பால். அன்று இரவு அப்பாவிடம், கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இப்போது கரைக்குத் திரும்புவதைப் பற்றிக் கேட்டேன். சித்தப்பா வாசலிலிருந்து அலை எவ்வளவு தொலைவு என்று யாராவது அளந்தீர்களா என்று அவரும் கேட்டார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நாடா கொண்டுபோகிறேன். தென்னைமரத்தைப் பற்றி அப்பாவிடம் தாமே பேசிக்கொள்வதாக அம்மா சொல்லியிருக்கிறார்.